பிரேக் அக்காவும் பேச்சு வாளியும்

பிரேக் அக்காவின் உடம்பில் மற்ற பாகங்கள் எல்லாம் ஓய்வெடுக்கும், வலது கால் மட்டும் எடுக்காது. சோபாவில் சாய்ந்து கண்ணைப் பாதி மூடியிருப்பார். டிவியில் யாராவது மாடிப்படியில் கொஞ்சம் வேகமாக இறங்கினால் போதும், அந்தக் கால் 'டக்' என்று தரையை அழுத்தும். கணவர் சூடான டீயை அவசரமாக வாயருகே கொண்டுபோனாலும் அழுத்தும். வீட்டில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் தரை ஓடு ஒன்று விரிசல் விட்டுவிட்டது. கொத்தனார் வந்து குனிந்து பார்த்து, "கனமான சாமான் ஏதாவது விழுந்துச்சா?" என்று கேட்டார். அக்கா வலது காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தொழில் அப்படி. தெருமுனையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். கற்றுக்கொள்பவர் முன்னால் ஸ்டீயரிங், கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் எல்லாம் இருக்கும். பக்கத்து இருக்கையில் உட்காரும் அக்காவின் காலடியில் கூடுதலாக ஒரே ஒரு பிரேக். அந்த ஒற்றை பிரேக்கை நம்பித்தான் இத்தனை வருஷமாக அவர் உயிரோடு வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார். மிதிக்காமல் விட்ட பிரேக்கால்தான் ஆபத்து, மிதித்த பிரேக்கால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்பது அவர் கட்சி. மாணவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் அக்கா. முகத்துக்கு நேரேயே அப்படிக் கூப்பிடுவார்கள், அவருக்கும் அதில் பெருமைதான்.

பள்ளி என்றால் ஒரே அறை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், ஒரு மேசை, மூலையில் ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தின் தலையில் பழைய ஸ்டீயரிங் ஒன்றை முறுக்கி வைத்திருப்பார். முதல் நாள் வருபவர்கள் அந்தக் கம்பத்தைத்தான் ஓட்ட வேண்டும். கம்பம் ஓட்டும்போதே பயத்தில் கண்ணை மூடிக்கொண்டவர்கள் உண்டு. அப்போதும் அக்காவின் கால் தரையை அழுத்தத்தான் செய்யும்.

பக்கத்துக் கடை கணவருடைய பேக்கரி. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் அக்காவின் நாற்காலி. குளிர் நாட்களில் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பாடம் நடத்துவார். மற்றபடி தீயால் தனக்கு எந்த உபகாரமும் இல்லை என்பார். பேக்கரிக்காரர் அதற்குப் பதில் சொல்ல மாட்டார். எதைக் கேட்டாலும் மாவு உப்புகிற வேகத்தில்தான் அவரிடமிருந்து பதில் வரும், அதற்குள் கேட்டவர் ரொட்டி வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

அக்காவின் தொழிலில் ஒரே ஒரு கறை உண்டென்றால் அது இந்தக் கணவர்தான். ஊரில் உள்ள நடுக்கக்காரர், மறதிக்காரர் எல்லாரையும் ஓட்ட வைத்த அக்காவால் கட்டிய மனிதரை ஓட்ட வைக்க முடியவில்லை. பரீட்சை நாளில் பரிசோதகர் பின் இருக்கையில் உட்காருவார், அக்கா வழக்கம் போல முன்னால் பக்கத்தில். வண்டி நன்றாகத்தான் கிளம்பும். தெருமுனை வளைவு வந்ததும் 'சடக்'கென்று நிற்கும். பரிசோதகர் பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கிவிடுவார். "வளைவுல வண்டி நின்னுபோச்சு, அவருக்குக் கால் பழகலை" என்று அக்கா எல்லாரிடமும் சொல்வார். பேக்கரிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு மாவு பிசையப் போய்விடுவார்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தோற்று, அழுது, மறுபடி தோற்று, கடைசியில் ஒரு வழியாக பாஸ் செய்யும் ஒவ்வொரு மாணவருக்காகவும் ஒரு மரக்கன்று நடுவார். முதல் தடவையே பாஸ் செய்பவர்களுக்கு வெறும் கைகுலுக்கல்தான். அவர்களுக்கு மரம் எதற்கு, திமிரே போதும் என்பார். தெரு முடிகிற இடத்தில் ஒரு சந்து, சந்தைத் தாண்டி இடுப்புயரப் புல், புல்லைத் தாண்டி ஒற்றையடிப் பாதை, அதற்கப்புறம் காடு. அந்தப் புல்லுக்கு நடுவே, பாதைக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவின் மரங்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் பெயர் தபால்காரர், ஒன்று நர்ஸம்மா, ஒன்று சிவப்பு விளக்கே கண்ணுக்குத் தெரியாமல் தோற்றுக்கொண்டிருந்த கண் டாக்டர். "நர்ஸம்மாவைப் பூச்சி அரிச்சிடுச்சு", "தபால்காரருக்கு ஒரு முட்டு கொடுக்கணும்" என்று அக்கா போனில் பேசுவதைக் கேட்டுப் புதிதாகச் சேர வந்த ஒருவர் அப்படியே திரும்பிப் போனதும் உண்டு.

வரிசையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, சந்துப் பக்கமாக, இன்னொரு மரம் தனியாக நின்றது. அது கணவருக்கு. எப்படியும் பாஸ் செய்துவிடுவார் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே நட்டது. பாஸ் செய்யாதவரை வரிசையில் நட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மரம் அவர் தோளுயரம் வளர்ந்துவிட்டது, அவர்தான் இன்னும் பாஸ் செய்தபாடில்லை. ஆனாலும் சாயங்காலம் பேக்கரிப் பாத்திரம் கழுவிய தண்ணீரை அவரே அந்த மரத்துக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவார்.

அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளத் தெருவாசிகள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பை பொறுக்குவது, பாதையைச் சுத்தம் செய்வது, சருகு வாருவது எல்லாம் அவர்கள் வேலை. தலைவர் பல் டாக்டர். எந்தப் பிரச்சினை வந்தாலும் "விட்டு வச்சா வலிதான், எடுத்துடலாம்" என்பது அவருடைய தீர்வு. கூட்டம் நடப்பது பேக்கரியின் பின்னறையில், மாவு மூட்டைகள் மேல்.

பல் டாக்டரிடம் ஒரு குறை. அவர் பேசும்போது எதிரில் இருப்பவர் வாயில் எப்போதும் ஏதாவது கருவி இருக்கும், அதனால் குறுக்குப் பேச்சு என்பதையே அறியாமல் பழகிவிட்டார். கூட்டத்திலும் அப்படியே பேசிக்கொண்டே போவார். இதற்கு ஒரு முடிவு கட்டக் குழு ஒரு சட்டம் போட்டது. பேசுகிறவர் நிறையத் தண்ணீருள்ள வாளியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். வாளி தரையைத் தொட்டால் பேச்சு முடிந்தது. மிச்சத் தண்ணீரை நின்ற இடத்திலேயே கொட்டிவிட வேண்டும், அடுத்தவர் புதிதாக நிரப்பிக்கொள்ள வேண்டும். பாதி சிந்தி லேசான வாளியை வாங்கிக்கொண்டு கூடுதல் நேரம் பேசுகிற தந்திரத்தைத் தடுக்கத்தான் இந்தக் கடைசி விதி.

சட்டத்தால் லாபம் அடைந்தவர் பிரேக் அக்காதான். பயந்து உறைந்துபோன மாணவர்களின் பிடியிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கிப் பிடுங்கி அவர் கை இரும்பாகியிருந்தது. அவர் வாளியை எடுத்தால் பல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த வருஷம் தகராறு தீயைப் பற்றி. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆபீசரம்மா வந்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, சட்டப்படி வாளியைப் பிடித்துக்கொண்டே விளக்கினார்.

"இத்தனை வருஷமா இங்க ஒரு பொறி விழுந்தாலும் ஓடி வந்து அணைச்சுட்டோம். ஆனா புல்லும் சருகும் சேர்ந்துகிட்டே இருக்கு. வெயில் காலத்துல ஒரு தடவ பிடிச்சா எங்களால அணைக்க முடியாது. காடும் போயிடும், உங்க தெருவும் போயிடும். அதனால இப்பவே, குளிர் இருக்கும்போதே, சந்துல இருந்து ஒற்றையடிப் பாதை வரைக்கும் உள்ள புல்லை நாங்க கூட நின்னு மெதுவா எரிச்சு விட்டுடறோம். பாதையில தீ தானா நின்னுடும்."

சந்திலிருந்து பாதை வரைக்கும் என்றால் தபால்காரர், நர்ஸம்மா, கண் டாக்டர் எல்லாரும் அதற்குள்தான். அக்கா மூட்டையிலிருந்து எழுந்துவிட்டார்.

"அதெல்லாம் முடியாது. கையால வெட்டி வாரிடலாம்" என்றார்.

"அவ்வளவு புல்லையும் நீங்க வெட்டி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வருஷப் புல் வந்துடும்மா. போன ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் வந்தீங்க?"

போன ஞாயிற்றுக்கிழமை வந்தது அக்காவும் ஒரு நாயும்தான். அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று அக்கா முடிவு செய்தார்.

குழு இரண்டாகப் பிரிந்தது. கொளுத்தும் கட்சிக்குப் பல் டாக்டர், வாரும் கட்சிக்குப் பிரேக் அக்கா. இரண்டு பக்கமும் சமபலம். நடுவில் ஒருவர், தையற்கடை வைத்திருக்கும் நாத்தனார், அதாவது பேக்கரிக்காரரின் தங்கை. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். "அவரு சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்பார். அடுத்தவர் பேசியதும், "அண்ணி சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்பார். பேக்கரிக்காரரோ எந்த ஓட்டெடுப்பிலும் கை தூக்கியதில்லை. கேட்டால் கையில் மாவு என்பார்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று அக்கா வீட்டில் பிடித்துக்கொண்டார்.

"யோசிக்கிறேன்."

"தீயோட குடும்பம் நடத்துறவருக்கு என்ன யோசனை? நாள் பூரா அடுப்புல தலைய விட்டுக்கிட்டு இருக்கீங்க. அதான் அந்தப் பக்கம் பாசம்."

அவர் டீயைக் குடித்தார். மெதுவாகத்தான் குடித்தார், ஆனாலும் அக்காவின் கால் ஒரு தடவை அழுத்தியது.

கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டும் முடிவு வரவில்லை. கடைசியில் ஆபீசரம்மா ஒரு நாளைச் சொல்லி, அன்று காலை தீயணைப்பு வண்டியோடு சந்துக்கே வந்துவிட்டார். காற்று காட்டிலிருந்து சந்துப் பக்கமாக லேசாக வீசிக்கொண்டிருந்தது. சந்து ஓரத்தில் பற்ற வைத்தால் தீ காற்றை எதிர்த்து ஊர்ந்து போகும், பாய்ந்து ஓடாது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றார். தெருப் பெண்கள் மாடியிலிருந்து உலர்த்திய துணிகளை முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள்.

"பனி காயற வரைக்கும் நேரம் தரேன். அதுக்குள்ள பேசி முடிங்க" என்றார் ஆபீசரம்மா.

சொன்னது தப்பாகப் போயிற்று. குழுவிடம் ஒரு தண்ணீர் டேங்க் வண்டி இருந்தது, அவசரத்துக்கு நிரப்பி வைத்தது. பேச்சு என்றால் வாளி, வாளி என்றால் தண்ணீர். முதல் ஆளாக அக்கா டேங்கில் வாளியை நிரப்பிக்கொண்டு புல்லுக்குள் விறுவிறுவென்று நடந்து, தபால்காரருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். பேச வேண்டுமென்றால் இங்கே வந்து, இவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்பது அவர் எண்ணம். வேறு வழியில்லாமல் எல்லாரும் அங்கேயே போனார்கள். பல் டாக்டர் நர்ஸம்மாவின் முன்னால் நின்று பேசினார். கை ஓய்ந்து வாளி இறங்கியது, சட்டப்படி தண்ணீரைக் கொட்டினார். அக்கா மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து கண் டாக்டரின் முன்னால் பதில் சொன்னார். கொளுத்தும் கட்சிக்காரர் ஒருவர், வாரும் கட்சிக்காரர் ஒருவர். வாளி வாளியாக வாதம் ஓடியது. வரிசை நெடுக நடந்து, மிதித்து, கொட்டிச் சண்டை போட்டார்கள். நாத்தனார் இடமும் வலமுமாகத் தலையாட்டிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். செருப்பெல்லாம் சேறு, சேலை ஓரமெல்லாம் ஈரம். கோபத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அக்கா கடைசி வாளியை இறக்கிவிட்டு, 'இதுக்கு மேல எவன் பேசுவான்' என்பதுபோல் பார்த்தார். நாத்தனார் வாரும் கட்சிக்குக் கை தூக்கத் தயாராகிவிட்டார்.

அப்போது பேக்கரிக்காரர் வாளியை எடுத்தார்.

குழு ஆரம்பித்த நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. டேங்கின் குழாயைத் திறந்து நிதானமாக நிரப்பினார். வரிசைப் பக்கம் வரவில்லை. நேராகத் தன் மரத்துக்குப் போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"நான் ஆபீசரம்மா பக்கம்" என்றார். "எனக்குத் தீயத் தெரியும். தினமும் கொஞ்சம் எரிஞ்சா அது அடுப்பு. சேர்த்து வச்சு எரிஞ்சா கடையே போயிடும். கொளுத்திடலாம்."

"என்னங்க!" என்றார் அக்கா.

"இரும்மா, வாளி என் கையில இருக்கு." அவர் மரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "இது என் மரம். நான் பாஸ் பண்ணுவேன்னு இவ வச்ச மரம். போகட்டும்னு சொல்ல எனக்கு மனசே வரல. ஆனா இதுக்காகத் தெருவை அடகு வைக்க முடியாது. இன்னும் ஒண்ணு சொல்லணும், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். வளைவுல வண்டி நின்னுச்சு நின்னுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்றா. நிறுத்தினது நான் இல்ல. அவ காலு."

எல்லாரும் அக்காவின் காலைப் பார்த்தார்கள். பிறகு பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய பல்லெல்லாம் தெரிந்தது. ஒவ்வொருவராகச் சிரிக்க, சொன்னவருக்கே வெட்கம் வந்து கை தளர்ந்து, வாளி முழுவதும் அவர் காலடியில் கவிழ்ந்தது. பேச்சு முடிந்தது. கடைசியாகப் பேசியவர் அண்ணன் ஆயிற்றே, நாத்தனார் கொளுத்தும் கட்சிக்குக் கை தூக்கினார்.

அக்காவுக்கு முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தோற்றதுகூடப் பெரிதில்லை. அந்தக் கால் விஷயம் உண்மை என்று அந்தக் காலுக்கே தெரியும். தலை குனிந்து அதைப் பார்த்தார். சேறு அப்பிக்கொண்டு நின்றது.

"உங்க டேங்க்ல இருக்கிற தண்ணிய எடுத்து மரத்தைச் சுத்தி ஊத்திக்கோங்கம்மா. எங்க வண்டித் தண்ணி அவசரத்துக்கு மட்டும்தான்" என்றார் ஆபீசரம்மா இரக்கப்பட்டு.

அக்கா ஓடினார். குழாயைத் திறந்தார். அது ஒரு தடவை இருமியது, ரெண்டு சொட்டு விட்டது, நின்றுவிட்டது. டேங்க் தண்ணீர் மொத்தத்தையும் பேசியே தீர்த்துவிட்டார்கள். குழுவே குழாயைச் சுற்றி இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றது.

தீ வைத்தாகிவிட்டது. சந்து ஓரத்தில் ஆரம்பித்து, முழங்கால் உயரத்துக்கு, சடசடவென்று சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வந்தது. முதலில் அதன் வழியில் நின்றது தனி மரம்தான். அக்கா பாதையில் நின்று பார்த்தார். வலது காலால் மண்ணை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். தீக்கு அந்த பிரேக் எட்டவில்லை. 'ஐயோ, அவர் மரம் போச்சே, பாஸ் பண்ண விடாம பண்ணி, இப்ப மரத்தையும் விட்டுட்டேனே' என்று உள்ளுக்குள் கதறினார். கண்ணில் நீர் வந்தது, புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

தீ தனி மரத்தை நெருங்கியது. ஒரு முழத்துக்கு முன்னால் 'உஸ்' என்றது. அந்த இடத்தில் மட்டும் அணைந்து, மரத்தை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு மேலே நடந்தது. பேக்கரிக்காரரின் வாளி கவிழ்ந்த வட்டத்துக்குள் மரம் அசையாமல் நின்றது, இலை ஓரம் மட்டும் கொஞ்சம் சுருண்டு. அப்புறம் வரிசை. தபால்காரர் முன்னால் 'உஸ்', நர்ஸம்மா முன்னால் 'உஸ்', கண் டாக்டர் முன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டு 'உஸ்'. சண்டை போட்ட இடம் முழுக்க ஒரு நீளச் சேற்றுக் கோடு. அதற்குச் சந்துப் பக்கம் எல்லாம் கறுப்பு, பாதைப் பக்கம் மரங்கள்.

ஆபீசரம்மா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல வாய்ச்சண்டையால தீ நின்னு நான் பார்த்ததே இல்லம்மா" என்றார்.

"அப்ப இனிமே வருஷா வருஷம் கொளுத்தறதுக்கு முன்னாடி நல்லா சண்டை போட்டுடணும்" என்றார் நாத்தனார். முதல் தடவையாக அவர் யாருக்கும் காத்திருக்காமல் ஒரு கருத்துச் சொன்னார். இரண்டு கட்சியும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டன.

பல் டாக்டர் தன்னுடைய நீண்ட உரையால்தான் நர்ஸம்மா பிழைத்தார் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா நேராகத் தனி மரத்துக்குப் போனார். கணவர் அங்கே குந்தி உட்கார்ந்து சுருண்ட இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா தெரியும், என் காலுன்னு?" என்று அக்கா கேட்டார்.

அவர் வழக்கம் போல யோசித்தார். அக்கா காத்திருந்தார், இந்தத் தடவை எங்கும் போகவில்லை.

"முதல் பரீட்சையில இருந்தே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ பயந்துபோய் உட்கார்ந்திருந்த. எனக்கு அடிபடக் கூடாதுன்னுதான மிதிச்ச."

புகை இப்போது நிஜமாகவே அக்காவின் கண்ணில் பட்டது. சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக் கார் சாவியை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"வாங்க. வீட்டுக்கு நீங்களே ஓட்டுங்க."

சந்தில் நின்ற காரில் அவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். மாவும் கரியும் கலந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அக்கா பக்கத்து இருக்கையில் ஏறினார். காலடியில் அந்த ஒற்றை பிரேக் பளபளத்துக்கொண்டு காத்திருந்தது. அக்கா சேற்றுச் செருப்பைக் கழற்றி வெளியே போட்டார். இரண்டு காலையும் தூக்கி இருக்கை மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போதாதென்று வலது காலின் பாதத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வண்டி ஒரு தடவை குதித்துவிட்டுக் கிளம்பியது. தையற்கடை போயிற்று, பேக்கரி போயிற்று. தெருமுனை வளைவு வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வண்டி நிற்கவில்லை.